சிலிபின் முதல் டூயோங் வரை



சிலிபின்வாசிகளிடம் படகைப் பற்றிப் பேசினால், "கடல் பார்க்க லூமுட்டுக்கல்லவா போகவேண்டும்!" என்பார்கள். ஆனால் பக்கத்தில் ஓடும் கிந்தா ஆற்றைக் கேட்டுப் பாருங்கள். ஈப்போ ஊரானதற்கே படகுதான் காரணம். ஆற்றில் படகு ஏறிவரக்கூடிய மேல் எல்லை இதுதான். இங்கிருந்து ஈயம் படகேறி, தெலுக் ஆன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) நோக்கிப் போயிற்று. 1890களில் ரயில் வந்தது, படகு ஒதுங்கிக்கொண்டது.

படகு கட்டுவது பரம்பரைத் தச்சர்களுக்கு மட்டுமே உரிய வேலை என்று எண்ணிவிடாதீர்கள். உலகெங்கும் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் ஓய்வு நேரத்தில் வீட்டுக் கொட்டகையிலேயே படகு கட்டுகிறார்கள். 1963-இல் இங்கிலாந்தில் 'டெய்லி மிரர்' பத்திரிகையின் ஆதரவில் 'மிரர்' என்ற சிறு பாய்மரப் படகு வெளிவந்தது. நீளம் பதினோரு அடிக்குச் சற்றுக் குறைவு. பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் கண்ணாடி நாரும் பசையும் இட்டு ஒட்டிவிட்டால் படகு தயார்! இதுவரை 70,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன.

தைத்த படகு என்றதும் வியப்பாக இருக்கிறதா? நம் முன்னோருக்கு இது புதிதல்ல. சென்னைக் கடற்கரையில் அலைகளைத் தாண்டிச் சென்ற மசூலா படகுகளின் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால்தான் தைத்தார்கள். இரும்பாணி கிடையாது. விறைப்பான படகு அலை அடித்தால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். கட்டுமரம் என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று.

கைவேலையை நேரில் காண விரும்பினால் திரங்கானுவுக்குப் புறப்படுங்கள். 1982-இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, கிரிக்கிலிருந்து காட்டு மலைகளைக் கடந்து ஜெலியில் இறக்கிவிடும். பிறகு கிழக்குக் கரையோரமாகத் தெற்கே போனால் கோல திரங்கானு. ஆற்று முகத்துவாரத்தில் இருப்பது பூலாவ் டூயோங். அங்குள்ள மலாய்த் தச்சர்கள் வரைபடம் பார்ப்பதில்லை, கண்ணே அளவுகோல். முதலில் பலகைகளை அடுக்கி உடலை உருவாக்குவார்கள். உள் விலாக்கட்டைகள் பிறகுதான். செங்ஙால் மரப் பலகைகளை மரமுளைகளால் இணைப்பார்கள். இடுக்குகளில் வைப்பது கெலாம் மரப்பட்டை. நீர் பட்டால் அது உப்பி, ஒழுக்கை அடைத்துவிடும். இந்தத் திறமையை நாடி ஐரோப்பியர்களும் வந்தார்கள். 2009-இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'நாகா பெலாங்கி' ஒரு ஜெர்மானியருக்காக இங்கே கட்டப்பட்டதுதான்.

தமிழர் கட்டிய கப்பலும் வெள்ளைக்காரர் மனத்தைக் கவர்ந்ததுண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தால் கட்டப்பட்டது 'அன்னபூரணி'. அதை வாங்கிய அமெரிக்கர் வில்லியம் ராபின்சன், முன்னமே சிறு பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தவர். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திய அக்கப்பல், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறிப் பினாங்கில் இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகளே, கப்பலில் ஏறிவந்தவர்கள் மட்டுமல்ல, கப்பல் கட்டியவர்களும் நம்மவர்கள்தாம்!

வல்வெட்டித்துறையில் அத்தகைய கப்பல்கள் கட்டுவது நின்றுபோயிற்று. டூயோங்கிலும் பட்டறைகள் குறைந்துவிட்டன. கண்ணளவில் கட்டும் வித்தை காகிதத்தில் இல்லை. கிழவர் கையிலிருந்து இளைஞர் கைக்கு மாறினால்தான் உண்டு. இளைஞர் வராவிட்டால் அதோடு முடிந்தது.

ஆகவே அடுத்த பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவ்வளவு தூரம் போக வசதியில்லையா? லூமுட்டிலிருந்து படகேறிப் பங்கோர் தீவுக்காவது போய் வாருங்கள். அங்கும் மரப்படகு கட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் பிள்ளைகள் தாங்களே படகு செய்யக் கிளம்பினால் தடுக்காதீர்கள். ஆனால் பழைய ஈயக் குட்டைகளில் மட்டும் விடவேண்டாம். கரையிலேயே ஆழம் இழுக்கும் குட்டைகள் அவை. மிதவைச் சட்டையும், நீந்தத் தெரிந்த பெரியவர் துணையும் கட்டாயம் வேண்டும்.