மெண்டோசா குறிப்புகள்: மலையேறிய மால்பெக்

ஏப்ரல் 5, மெண்டோசா நகரம்
அர்ஜென்டினாவின் ஒயின் தலைநகரம், அசலில் ஒரு பாலைநிலம். ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். பசிபிக்கின் ஈரக்காற்று ஆண்டஸைத் தாண்டுவதற்குள் சிலிப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆனாலும் தெருவெல்லாம் நிழல். சாலையோர வாய்க்கால்களில் ஓடும் பனியுருகிய நீரில்தான் மரங்கள் நிற்கின்றன. ஸ்பானியர் வருமுன்பே இங்கே வாய்க்கால் வெட்டியவர்கள் வார்ப்பே பழங்குடிகள்.

ஏப்ரல் 6, லுஹான் தே குயோ
பழைய தோட்டங்கள். அறுப்பு முடிந்து இலை பழுக்கத் தொடங்கிவிட்டது. மால்பெக் திராட்சையின் பூர்வீகம் தென்மேற்கு பிரான்ஸின் கஹோர். 1853இல் மிஷேல் எமே பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் வல்லுநர் இதை இங்கே கொண்டுவந்தார். பின்னாளில் அர்ஜென்டினாவின் குடியரசுத் தலைவரான சர்மியெந்தோவின் முயற்சி அது. 1956இன் உறைபனியில் கஹோரின் கொடிகளில் பெரும்பகுதி மடிந்தது. புகுந்த வீட்டில் மால்பெக் தழைத்தது. இங்கே பல கொடிகள் இன்றும் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

ஏப்ரல் 7, ஊக்கோ பள்ளத்தாக்கு
தெற்கே போகப் போக ஏற்றம். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம் குறையும். இங்குள்ள குவால்தஷாரியில் ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் ஒயின் தயாரிப்பாளர் நிக்கோலாஸ் கட்டேனா 1992இல் ஆத்ரியானா தோட்டத்தை நட்டபோது, அந்தக் குளிரில் பழம் பழுக்காது என்றார்கள். பழுத்தது. பகலில் புற ஊதாக் கதிர் கடுமையாக விழுவதால் பழத்தோல் தடிக்கிறது, நிறமி கூடுகிறது. இரவுக் குளிர் புளிப்பைக் காக்கிறது. கொடிகளின் மேல் வலை விரித்திருக்கிறார்கள். ஆலங்கட்டி ஒரே மாலையில் ஒரு வருட உழைப்பை அடித்துப் போட்டுவிடும்.

ஏப்ரல் 8, அதே பள்ளத்தாக்கு
இந்த உயரத்தில் அறுப்பு இன்னும் முடியவில்லை; காலையிலேயே பறிப்பு. வட மாகாணங்களிலிருந்தும் பொலிவியாவிலிருந்தும் வந்த கூலியாட்கள். நிறைந்த கூடையைத் தோளில் தூக்கி லாரிவரை ஓட்டமாகப் போகிறார்கள். கூடைக்கு ஒரு வில்லை; வில்லையை எண்ணித்தான் கூலி. நடந்து போனால் கூலி குறையும்.

மாலையில் இரண்டு மால்பெக், கூடவே விறகுக் கனலில் வாட்டிய மாட்டிறைச்சி. கீழ்த்தோட்டத்து ஒயின் பழுத்த ப்ளம்போல, மெத்தென்று இறங்கியது. மேல்தோட்டத்து ஒயினுக்கு மை நிறம், பூவாசம், தூக்கலான புளிப்பு. துவர்ப்பு நாக்கை விட்டுப் போகவில்லை. கொழுப்பான இறைச்சிக்கு இதுதான் ஈடுகொடுத்தது.

ஏப்ரல் 9, மெண்டோசா நகரம்
இங்கே முறைவைத்துத்தான் பாசனம். தொமேரோ எனப்படும் மடைக்காரர் மதகு திறந்தால்தான் தோட்டத்துக்குத் தண்ணீர். வாய்க்கால் எட்டாத மேட்டுத் தோட்டங்கள் ஆழ்துளைக் கிணற்றையும் சொட்டுநீரையும் நம்புகின்றன. 2010 முதல் பல ஆண்டுகள் மலையில் பனி பொய்த்து ஆறுகள் மெலிந்தன. 2019 டிசம்பரில், சுரங்கங்களில் சயனைடைத் தடுத்த சட்டத்தை மாகாண அரசு தளர்த்தியபோது, தண்ணீருக்காக ஊரே தெருவில் இறங்கியது. சில நாட்களில் அரசு பின்வாங்கியது.

மால்பெக் போத்தலில் தோட்டத்தின் உயரத்தைப் பெருமையாக அச்சிடுகிறார்கள். உயரம் நிறத்தைத் தரும்; கொடியை வாழவைப்பது தண்ணீர். வாங்குகிறவர்கள் இனி தண்ணீரைப் பற்றியும் கேட்க வேண்டும்.