எந்த சேகர்?

எங்கள் காலடிப்பேட்டைத் தெருவில் ரெண்டு சேகர். ஒருவர் ஹார்பர் சேகர், இன்னொருவர் லேத் சேகர். வெறும் 'சேகர்' என்று கூப்பிட்டு டீ என்றால் ரெண்டு பேரும் திரும்புவார்கள். சீட்டுப் பணம் என்றால் ரெண்டு பேருமே திரும்பமாட்டார்கள்! இதெல்லாம் தெரிந்த நான்தான் ராயபுரத்தில் ஒரு ஏஜென்ட் ஆபீசில் உட்கார்ந்து கோட்டை விட்டேன்.

ஏற்றுமதி கன்டெய்னர் பட்டியல் எங்களுக்கு எக்ஸ்எம்எல் ஃபைலாக வரும். எலிமென்ட் பெயருக்கு முன்னால் 'என்எஸ்1' என்று ஒரு ஒட்டு, ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் 'கன்டெய்னர்'. அந்த ஒட்டோடு சேர்த்தே தேடும்படி புரோகிராம் எழுதியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை 'மொத்த கன்டெய்னர்: 0' என்று வந்தது.

"இன்னாப்பா, கப்பல்ல காத்தையா ஏத்தி அனுப்புறோம்?" என்றார் மேனேஜர்.

பார்த்தால், அனுப்புகிறவர்கள் சாஃப்ட்வேரை மாற்றியதில் 'என்எஸ்1' வெறும் 'ஏ' ஆகியிருந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. 1999 ஜனவரியில் டபிள்யூ3சி வெளியிட்ட நேம்ஸ்பேஸ் விதிப்படி, முன்னொட்டு வெறும் பட்டப்பெயர். அசல் விலாசம், 'எக்ஸ்எம்எல்என்எஸ்' என்ற இடத்தில் எழுதியிருக்கும் நீளமான யூஆர்ஐதான்.

நான் விதியைப் படித்தால்தானே? முக்காற்புள்ளி இருந்தால் அதற்கு முன்னால் உள்ளதை வெட்டு என்று எழுதிவிட்டேன். ஓடியது. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

வெட்டியதில் ஹார்பரும் லேத்தும் போய், ரெண்டு சேகரும் ஒன்றாகிவிட்டார்கள்! ஃபைலில் 'எடை' ரெண்டு. ஒன்று சரக்கின் எடை, இன்னொன்று பெட்டியோடு சேர்ந்த மொத்த எடை. வேறு வேறு நேம்ஸ்பேஸ். என் புரோகிராம் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டது. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையைச் சொல்லாமல் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்ற முடியாது. இருபதடிக் காலிப் பெட்டியே ரெண்டு டன்னுக்கு மேல். எங்கள் பேப்பரும் எடைமேடையும் உதைத்துக்கொள்ள, எண்ணூர் ரோட்டில் ட்ரெய்லர் ராத்திரி முழுக்க நின்றது.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். ஜாவாவில் 'கெட் பிரிஃபிக்ஸ்' கேட்டால் ஒட்டைச் சொல்லும். ஆனால் முதலில் 'செட் நேம்ஸ்பேஸ் அவேர்' என்பதை ட்ரூ ஆக்க வேண்டும்; நாம் சொல்லாவிட்டால் அது ஃபால்ஸ்தான். ஒட்டே இல்லை என்று வந்தாலும் ஏமாறக்கூடாது. ஹார்பர் சேகரை அவர் அம்மா வீட்டுக்குள் 'ஹார்பரு' என்றா கூப்பிடுகிறார்? 'டேய் சேகரு'தான். அதற்காக அவர் அந்த வீட்டுப் பிள்ளை இல்லையா? டீஃபால்ட் நேம்ஸ்பேஸும் அதே கதைதான். (அட்ரிபியூட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.) ஒட்டை விட்டுவிட்டு, யூஆர்ஐயையும் லோக்கல் பெயரையும் சேர்த்துத் தேடும்படி திருத்தினேன். பைத்தானின் எலிமென்ட்ட்ரீ தேவலை. ஒட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு யூஆர்ஐயோடு சேர்த்தே பெயரைத் தருகிறது.

மறுநாள் காலை ட்ரெய்லர் டிரைவர் ஆபீசுக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

"எடை தப்பாப் போட்ட கம்ப்யூட்டரு எது சார்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "நான்தாண்ணே" என்றேன்.

"நைட்டு சோறு இல்ல சார்" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. டிபனுக்கு அழைத்துப் போனேன். இட்லி வந்ததும் பேர் கேட்டேன்.

"சேகரு."

எந்த சேகர் என்று கேட்க வாயெடுத்து, சாம்பாரை அவர் பக்கம் நகர்த்தினேன்.