மணாலி–லே: கடைசி சைக்கிளின் வேகத்தில்

கோடையில் சில மாதங்கள் மட்டும் உயிர்பெறும் இமாலயச் சாலையில் ஒரு சைக்கிள் குழுவுடன் பத்து நாள்.

நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். ரோதாங் கணவாய்க்கு அப்பால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே வைகாசியிலும் சாலையின் இரு புறமும் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர் நிற்கும். ஆனியில்தான் இளவேனில் தலைகாட்டுகிறது. ஐப்பசியில் மறுபடியும் பனி. நடுவே கிடைக்கும் நான்கைந்து மாதத்தில் உருளைக்கிழங்கு, பட்டாணி சாகுபடி, கல்யாணம், வீடு கட்டுதல், சாலை செப்பனிடுதல் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். மணாலியிலிருந்து லே வரை நீளும் சாலையில் சைக்கிள் குழுக்கள் நடமாடுவதும் இந்த இடைவெளியில்தான்.

ராணுவ லாரிகள், டீசல் டேங்கர்கள், மோட்டார் சைக்கிள் பட்டாளங்கள் ஆகியவற்றின் நடுவே, இடது ஓரமாக, மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வரிசை ஊர்ந்து போகும். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். காசு கட்டி, அலுவலகத்தில் விடுப்புக்குக் கெஞ்சி, இப்படி மூச்சு வாங்க வருவானேன் என்று லாரி ஓட்டுநர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறார்கள். சிலர் நிறுத்தி பிஸ்கட் கொடுக்கிறார்கள்.

2024 ஜூன் கடைசியில் நான் சேர்ந்துகொண்ட குழுவில் பன்னிரண்டு பேர். பெங்களூரு மென்பொருள்காரர்கள் நால்வர், கொல்கத்தாவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, லூதியானாவில் சைக்கிள் உதிரி பாகம் செய்யும் சிறு தொழிலதிபர், புணேயிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி என்று கலவையான கூட்டம். புணேக்காரருக்கு அறுபத்திரண்டு வயது. எல்லாருக்கும் அவர் 'காகா'. சமவெளியில் ஞாயிறுதோறும் நூறு கிலோமீட்டர் மிதிப்பவர். எங்களில் கால் பலம் அதிகம் அவருக்குத்தான்.

குழுத் தலைவர் குலு பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். முப்பது வயதிருக்கலாம். அதிகம் பேசமாட்டார். முதல் நாள் காலை அவர் சொன்னது ஒரே ஒரு விதி: குழுவின் கடைசியில் ஒருவர் வருவார், அவர் யாரையும் முந்தமாட்டார். நீங்கள் படம் எடுக்க நின்றால் அவரும் நிற்பார், ஒதுங்கப் போனாலும் நிற்பார். அந்த வேலை அவருடைய தம்பிக்கு. பத்தொன்பது வயதுப் பையன். தன் வேகத்தில் போனால் எல்லாரையும் மதியத்துக்குள் விட்டுவிட்டுப் போய்விடுவான். பத்து நாளும் கடைசி ஆளின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

இந்தச் சாலையின் உயரக் கணக்கு சாதாரணமானதல்ல. ரோதாங் 3,978 மீட்டர். பாராலாச்சா லா ஏறக்குறைய 4,890. பிறகு நகீ லா, லாசுலுங் லா. கடைசியாக 5,328 மீட்டரில் தங்லாங் லா. ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். கேலாங் ஊரைத் தாண்டிவிட்டால் பிறகு லே வரை ஒரு கணம்கூட அந்த உயரத்துக்குக் கீழே இறங்குவதில்லை.

ரோதாங் இப்போது சைக்கிளுக்கு ஏற்ற சாலையாகியிருக்கிறது. காரணம், 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப் பாதை. லே போகும் லாரிகளும் பேருந்துகளும் மலைக்கு அடியில் புகுந்து பத்து பதினைந்து நிமிடத்தில் மறுபக்கம் வந்துவிடுகின்றன. கணவாய்க்கு வருவது பனி பார்க்கும் சுற்றுலாக் கார்கள் மட்டும்; அவற்றுக்கும் அனுமதிச் சீட்டுக் கட்டுப்பாடு உண்டு. நாங்கள் வழியில் மட்டியில் இரவு தங்கி, விடியுமுன் கிளம்பி, கார்கள் வருமுன் உச்சியில் இருந்தோம்.

ஆனால் சுரங்கம் ஒரு பக்கம் கொடுத்ததை இன்னொரு பக்கம் எடுத்துக்கொண்டது. கணவாய்க்கு அந்தப்புறம் முதலில் வரும் ஊர் கோக்சர். ரோதாங்கை ஏறி இறங்கிக் களைத்த ஒவ்வொரு வண்டியும் அங்கே நின்று ராஜ்மா சோறு சாப்பிட்டுப் போன காலம் உண்டு. சுரங்கத்தின் வடக்கு வாசல் கீழே சிஸ்ஸு பக்கம் திறக்கிறது. லே போகும் வண்டிகளுக்கு கோக்சர் இப்போது வழியில் இல்லாத ஊர். ஸ்பிதி போகிறவர்களும் சுற்றுலாக் கார்களும் எட்டிப் பார்ப்பதால் தாபாக்கள் ஓடுகின்றன. மாறாக சிஸ்ஸுவில் கார் நிறுத்த இடமில்லை. ஒலிபெருக்கியில் பஞ்சாபிப் பாட்டு.

தாண்டியில் சந்திராவும் பாகாவும் கலக்கின்றன. இரண்டும் சேர்ந்துதான் செனாப். பாகாவின் கரையோடு ஏறினால் கேலாங், ஜிஸ்பா, தார்ச்சா. வழியெல்லாம் எல்லைச் சாலைகள் அமைப்பின் மஞ்சள் பலகைகள். "அன்பே, உன்னைப் பிடிக்கும், ஆனால் இவ்வளவு வேகம் பிடிக்காது" என்கிற ரீதியில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை. மொழிபெயர்ப்பே தொழிலாக இருபது வருடம் ஓட்டியவனுக்கு இதையெல்லாம் தமிழில் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேகத்தைக் குறை என்று சொல்லும் பலகையை ஒரு ஆமை கடந்துபோகும் நேரத்தில் முழுமையாக மொழிபெயர்த்துவிடலாம். பலகைக்குக் கீழே கல் உடைத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அவர்களுக்கு ஆங்கிலமும் வேண்டாம், நகைச்சுவையும் வேண்டாம். எங்களிடம் கேட்டது தலைவலி மாத்திரை.

தலைவலிதான் இந்தச் சாலையின் உண்மையான எச்சரிக்கைப் பலகை. 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேறிகளின் பொது விதி. காரில் வருகிறவர்கள் பலர் இதை மீறுகிறார்கள். ஜிஸ்பாவில் காலைச் சிற்றுண்டி, 1,000 மீட்டர் மேலே சர்ச்சுவில் இரவுத் தூக்கம். சைக்கிளின் மந்த வேகமே ஒரு பாதுகாப்பு. நாங்கள் நடுவில் பட்சேயோவில் ஓர் இரவு தங்கிப் போனோம். இருந்தாலும் மலை நோய் விதியைப் பார்த்து வருவதில்லை. வயது, உடற்பயிற்சி எதுவும் அதற்குப் பொருட்டில்லை.

ஓடைகளுக்கும் ஒரு விதி உண்டு. சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பனி உருகி ஓடும் நீரை இங்கே 'நாலா' என்கிறார்கள். காலையில் கணுக்கால் அளவு. வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, பிற்பகலில் முழங்காலைத் தாண்டும். மாலையில் உச்சத்துக்குப் போய், இரவு உறைய ஆரம்பித்ததும் குறையும். அதனால்தான் அதிகாலை நான்கரைக்கே விசில் ஊதி எழுப்புகிறார்கள். முதல் நாள் முணுமுணுத்தவர்கள், பனி நீரில் செருப்புக் காலோடு சைக்கிளைத் தோளில் சுமந்தபின் முணுமுணுக்கவில்லை.

ஐந்தாம் நாள் பாராலாச்சாவைக் கடந்து சர்ச்சு வந்தோம். இமாசலப் பிரதேசம் முடிந்து லடாக் தொடங்கும் இடம். ஊர் என்று சொல்ல முடியாது. கோடைக்கு முளைத்து இலையுதிர் காலத்தில் மறையும் கூடாரங்களின் வரிசை. உயரம் 4,290 மீட்டர்.

அன்று இரவு காகா சாப்பிடவில்லை. எட்டு மணிக்கு வாந்தி எடுத்தார். கூடாரத்துக்குள் நேராக நடக்க முடியவில்லை. தலைவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். எங்களுக்கெல்லாம் எண்பதுக்கு மேல் காட்டிய கருவி அவருக்கு 66 காட்டியது. பட்சேயோவிலிருந்தே தலைவலி இருந்ததாம். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று ஆசிரியை கேட்டார். "என்னால் எல்லாரும் நிற்க வேண்டியிருக்கும்" என்றார் காகா.

சர்ச்சு ஒரு பொறி. மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறத்தான் வேண்டும். லே பக்கம் நகீ லா, லாசுலுங் லா என இரண்டு கணவாய். மணாலி பக்கம் பாராலாச்சா ஒன்று. அதைத் தாண்டிவிட்டால், சர்ச்சுவிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டரில் தார்ச்சா, அங்கே உயரம் 3,400 மீட்டருக்குள். கேலாங்கில் மருத்துவமனை. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருந்தது. வண்டியும் ஒன்றுதான்.

அந்த ஒரே வண்டியில்தான் எங்கள் சமையல் அடுப்பு, கூடாரங்கள், உதிரி டயர் எல்லாம் இருந்தன. வண்டி திரும்பிப் போனால் மற்றவர்கள் நகர முடியாது. பெங்களூரு நண்பர்களில் ஒருவருக்கு லேயிலிருந்து விமான டிக்கெட். ஒரு நாள் தவறினால் பணமும் போச்சு, விடுப்பும் போச்சு. காலை வரை பார்க்கலாமே, மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடுமே என்றார். அவர் கெட்ட மனிதரல்ல. அப்படி நினைத்த இன்னும் இரண்டு மூன்று பேர் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். காகாவே அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்: "காலையில் பார்க்கலாம்."

தலைவர் யாரோடும் வாதாடவில்லை. மாத்திரை கொடுத்தார், ஆக்சிஜனைப் பொருத்தினார். வெளியே போய் ஓடையின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தார். "பதினொரு மணிக்குத் தண்ணீர் குறையும். அப்போது கிளம்புகிறோம்" என்றார். அடுப்பையும் பருப்பு மூட்டையையும் இறக்கி வைத்தார்கள். ஓட்டுநர், காகா, உடன் ஆசிரியை, அவரே முன்வந்தார். தலைவரின் தம்பி ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் ஏறினான். கணவாய்க்கு ஏறும் அந்த ஒரு மணி நேரம்தான் பயம் என்றார் தலைவர் பிறகு. உடல் தவித்துக்கொண்டிருக்கும்போது மேலும் 600 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோவது அது. வேறு வழி இல்லாதபோது எடுக்கிற வழி.

மறுநாள் முழுக்க சர்ச்சுவில் உட்கார்ந்திருந்தோம். செல்போன் தொடர்பு கிடையாது. லூதியானாக்காரர் பன்னிரண்டு சைக்கிளையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்து ஒவ்வொரு செயினாகத் துடைத்தார். விமான டிக்கெட் நண்பர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மணாலி பக்கமிருந்து வந்த ஒரு டேங்கர் ஓட்டுநர்தான் பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி கொண்டுவந்தார்: உங்கள் ஆள் கேலாங்கில் டீ குடிக்கிறார். மாலையில் வண்டி திரும்பியது, காகா இல்லாமல். மேலே போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். அவருடைய சைக்கிளை வண்டியின் கூரையில் கட்டினோம்.

சர்ச்சுவை அடுத்து கட்டா லூப்ஸ். இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் வழியில் ஓரிடத்தில் கற்களை அடுக்கி ஒரு மேடை. அதைச் சுற்றிக் குவியல் குவியலாகத் தண்ணீர் பாட்டில்கள். வருடங்களுக்கு முன் பனிக்காலம் தொடங்கும் சமயம் ஒரு லாரி இங்கே பழுதாகி நின்றதாம். ஓட்டுநர் உதவி தேடிப் போக, கிளீனர் வண்டிக்குக் காவல். பனி கொட்டி வழி அடைபட்டு, ஓட்டுநர் திரும்பி வருவதற்குள் கிளீனர் பசியிலும் தாகத்திலும் குளிரிலும் இறந்துபோனார். போகிறவர்களிடம் தண்ணீர் கேட்கும் பேயாக அவர் அலைவதாகச் சொல்வார்கள். லாரிக்காரர்கள் பாட்டில் வைக்காமல் தாண்டுவதில்லை. சிலர் சிகரெட்டும் பற்றவைத்து வைக்கிறார்கள். கதையில் எவ்வளவு நிஜம் என்று விசாரிக்க அங்கே ஆளில்லை. தம்பி தன் பாட்டிலில் பாதியை அங்கே ஊற்றிவிட்டு மீதியோடு ஏறினான்.

பாங்கில் இரவு. பாராசூட் துணியால் வேய்ந்த வட்டக் கூடாரங்கள், உள்ளே சுவரோரமாக மெத்தை, நடுவே அடுப்பு. நடத்துகிறவர்களில் பலர் லடாக்கியப் பெண்கள். எங்களுக்கு மேகியும் முட்டையும் கொடுத்த ஆமா-லே (அம்மாவை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்) இருபது வருடமாக ஜூனில் வந்து செப்டம்பரில் இறங்குகிறவர். தார்ச்சாவிலிருந்து ஷிங்கு லா வழியாக சான்ஸ்கருக்குள் புகுந்து நிம்மு போகும் புதுச் சாலை பற்றிக் கேட்டார். அந்தக் கணவாய்க்கு அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு முதல் வெடி அடுத்த மாதம், ஜூலை 26 அன்று வைக்கப்பட்டது. அது முடிந்தால் குளிர்காலத்திலும் லே போகலாம். லாரிகளுக்கு சர்ச்சுவும் வேண்டாம், பாங்கும் வேண்டாம். நோயாளியைக் கொண்டுபோக நல்லதுதான் என்றார் ஆமா-லே. சற்றுப் பொறுத்து, "சைக்கிள்காரர்கள் எந்த வழியாகப் போவார்கள்?" என்று கேட்டார். தலைவர் இந்த வழியாகத்தான் என்றார். "பன்னிரண்டு பேர் சாப்பிட்டு என் கூடாரம் நிற்குமா?" என்று சிரித்தார் அவர்.

மோரே சமவெளி நாற்பது கிலோமீட்டர் மேஜைபோல விரிகிறது. எதிர்க்காற்றுதான் அங்கே மலை. தங்லாங் லாவில் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. கடைசி ஐந்து கிலோமீட்டரைக் கடக்க எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பின்னால் தம்பி ஏதோ குலுப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். முந்தவில்லை.

உப்ஷியில் சிந்து நதி. பல நாள்களுக்குப் பிறகு பச்சை வயல், சுவர்களுக்கு மேல் மரங்கள். பத்தாம் நாள் லே. செல்போன்களுக்கு உயிர் வந்ததும் காகாவின் செய்தி: வீடு சேர்ந்துவிட்டேன், அடுத்த ஜூனுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் ஜிஸ்பாவில் இரண்டு இரவு. விமானத்தைத் தவறவிட்ட நண்பர் அதற்கு முதல் ஆளாகப் பதில் போட்டார், தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி. அன்று சாயங்காலமே சைக்கிள்கள் லாரியில் ஏறின. நான்கு நாள் கழித்து மணாலியில் அடுத்த குழு. லாரியின் பின்பக்கம், கவிழ்த்துக் கட்டிய சக்கரங்களின் நடுவே, தம்பி கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான்.