ஊர் கேட்கும் கடமை

ஆஹன், அக்டோபர் 5, ஞாயிறு

பரிமாற்ற மாணவராக வெளிநாடு கிளம்புகிறவருக்கு எல்லோரும் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: நாலு நண்பர்களைப் பிடித்துக்கொள், மொழியைப் பழகு, சுற்றிப் பார், ஊர் தானாக ஒட்டிவிடும். ஜெர்மனியின் மேற்குக் கோடியில், பெல்ஜிய, நெதர்லாந்து எல்லைகளை ஒட்டிக் கிடக்கும் இந்தப் பல்கலைக்கழக நகரத்தைக் கவனித்தால் வரிசை வேறு மாதிரி என்று படுகிறது. ஊர் ஒருவரை முதலில் சேர்த்துக்கொள்வது தன் விதிகளின் வழியாகத்தான். பிரியம் பிறகு வரும், வராமலும் போகும். இன்று கடைகள் அடைப்பு. ஞாயிறு ஓய்வுக்கு 1919ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பு தந்த பாதுகாப்பை இன்றைய அடிப்படைச் சட்டமும் அப்படியே வைத்திருக்கிறது. சுவரில் துளை போடக் கூடாது. காலி பாட்டிலைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போடவும் கூடாது, சத்தம் கேட்கும். அந்தத் தொட்டிகளிலும் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று பிரிவு உண்டு. நீல பாட்டில் பச்சையில்தான் போக வேண்டும். ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம். கடை இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் சீட்டு வரும், பில்லில் கழித்துக்கொள்வார்கள். சிலரோ வழியில் குடித்து முடித்த பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் எறியாமல் அதன் அடியில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். பாட்டில் பொறுக்கிக் காசாக்குபவர் உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டாமே என்று. சட்டம் கேட்காத இந்த மரியாதை, சட்டம் போட்ட அந்த 25 சென்ட்டிலிருந்துதான் முளைத்திருக்கிறது. விதி தெரியாதவர் கண்ணுக்கு இது வெறும் குப்பை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆறு மாதத்தில் கிளம்பப்போகிற ஆளுக்கு இந்த விதிகளெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பதிவுச் சட்டமே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. வெளிநாட்டில் குடியிருப்பவர் மூன்று மாதம் வரை தங்கிப் போனால் முகவரியைப் பதிய வேண்டியதில்லை. அதற்கு மேல் இருக்க வந்தவர், குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் வீட்டுக்காரர் தந்த சான்றோடு நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். ஒரே ஒரு செமஸ்டர் படிக்க வந்தவரும் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், அதாவது குடியிருப்பவர்களின் பக்கம். பதிந்த கையோடு கடிதங்கள் வரத் தொடங்கும்: ஒன்றில் வரி எண், இன்னொன்றில் ஒலிபரப்புக் கட்டணம். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. பார்க்காத டிவிக்குப் பணமா என்ற முணுமுணுப்பு நியாயமாகவே தோன்றும். ஆனால் அதே முணுமுணுப்பு ஜெர்மானியர்களிடமும் உண்டு. கட்டணம் தலைக்கு அல்ல, வீட்டுக்கு என்பதால் ஒரு ஃபிளாட்டைப் பகிரும் நால்வர் யார் பெயரில் கட்டுவது, யார் எவ்வளவு தருவது என்று பேசியே ஆக வேண்டும். வரவேற்பு விருந்தில் ‘எந்த ஊர், என்ன படிப்பு’ என்பதோடு நின்றுபோகும் பேச்சு, இங்கே நிற்க வழியில்லை. அறிமுகம் உறவாவது பெரும்பாலும் இப்படிக் கணக்குப் பார்க்கும் இடத்தில்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

நண்பர்கள் இல்லாமல் விதி மட்டும் ஒருவரைத் தாங்குமா என்பது முதல் ஆட்சேபம். தாங்காது. ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்களே அதிகம். குக்கர், சாம்பார்ப் பொடி, வாட்ஸ்அப் குழு என்று ஒரு தமிழ் வட்டம் அமைவது கடினமில்லை. குளிர்காலத்தில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டும் ஊரில் அந்தத் துணை வேண்டும். ஆனால் அதே வட்டம் மியூனிக்கிலும் அமையும், மெல்போர்னிலும் அமையும். இந்த ஊரைப் பற்றி அது ஒன்றும் கற்றுத்தராது. இரண்டாவது ஆட்சேபம் கனமானது: விதிகள் கதவாக இல்லாமல் சுவராக நிற்பதும் உண்டு. அறை கிடைக்காவிட்டால் வீட்டுக்காரர் சான்று இல்லை, சான்று இல்லாவிட்டால் பதிவு இல்லை. பதிவு கேட்கும் வங்கியில் கணக்கும் இல்லை. விசாவுக்காக, மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டிவைக்கும் தடைக்கணக்கில் 11,904 யூரோ போட்டுவிட்டு வந்தவர், மாதம் 992 யூரோவைப் பெற ஒரு நடப்புக் கணக்குக்கு அலைய வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, பதிந்த பிறகும் தட்டு சமமாவதில்லை: ஸ்பெயினிலிருந்து வந்தவருக்கு நகராட்சித் தேர்தலில் வாக்கு உண்டு, இந்தியாவிலிருந்து வந்தவருக்கு இல்லை. கடமையில் சரிசமம், உரிமையில் பாதி என்ற இந்தக் குறையை மறைப்பதற்கில்லை. ஆனாலும் இது என் வாதத்தை உடைக்கவில்லை. முகவரி இல்லாதவர் படும் பாடு, முகவரியோடு எத்தனை கதவுகள் திறக்கின்றன என்பதைத்தானே காட்டுகிறது? ஆகவே மாணவர்களை ஊரோடு சேர்க்க நினைக்கும் பல்கலைக்கழகங்கள் வரவேற்பு விருந்துக்கும் நகர உலாவுக்கும் முன்னால் விடுதி அறைகளுக்கும், பதிவுக்குக் கூடவந்து உதவும் ஓர் ஆளுக்கும் பணம் ஒதுக்கட்டும். கதவில் பெயரும், வீட்டார் மாறி மாறிக் குப்பை கொட்டும் முறையில் ஒரு வாரமும் கிடைத்துவிட்டால், நண்பர்களை மாணவர்கள் தாங்களே தேடிக்கொள்வார்கள்.