பனியை அளந்தவர்

என் அறைச் சுவரில் இரண்டு பொருள்கள் அருகருகே தொங்குகின்றன. ஒன்று, என் தாய் இறக்கும்வரை கழுத்தில் அணிந்திருந்த கார்மேல் உத்தரியம். மற்றொன்று, கயிற்றால் இணைக்கப்பட்ட இரு மரப்பிடிகள். ஒவ்வொன்றின் முனையிலும் கூரிய இரும்பு ஆணி. "சாமி, இது தவமுயற்சிக் கருவியா?" என்று பங்கு மக்கள் கேட்பதுண்டு.

உறைந்த ஏரிகளின்மேல் நடக்கும்போது பின்லாந்து நாட்டார் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கருவி அது. பனித்தளம் உடைந்து நீரில் வீழ்ந்தவர், வழுக்கும் விளிம்பில் அந்த ஆணிகளை மாறிமாறிக் குத்தித் தம்மை மேலே இழுத்துக்கொள்வார். வெறுங்கையால் அது எளிதன்று.

2016ஆம் ஆண்டின் இறுதியில், ஆயரின் அனுமதியோடு அந்நாட்டின் வடபகுதிக்கு உதவிப் பணியாற்றச் சென்றிருந்தேன். நாடு முழுமைக்கும் ஹெல்சிங்கி என்னும் ஒரே மறைமாவட்டம். கத்தோலிக்கர் மிகச் சிலர். ஒரு நோயாளியைச் சந்திக்க நூறு கிலோமீட்டர் பயணம் செய்வது அங்கே இயல்பு.

அம்மக்கள் பனியை நம்புவதற்குமுன் அதை அளக்கிறார்கள். துளைப்பானால் துளையிட்டு, கொக்கி முனையுள்ள கோலை உள்ளே விட்டுத் தடிமன் காண்கிறார்கள். தெளிந்து இறுகிய பனி 5 செ.மீ. இருந்தால் ஒருவர் நடக்கலாம். கார் செல்ல 20 செ.மீ. வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தோர்னியோ நகரில், ஆற்றுப்பனி உடையும் நாளை 1693ஆம் ஆண்டு முதல் குறித்து வந்திருக்கிறார்கள். அந்த நாள் முற்காலத்தைவிட இக்காலத்தில் முன்னதாகவே வந்துவிடுகிறது என்பதை அக்குறிப்புகள் காட்டுகின்றன.

2017, மாதா வணக்க மாதமாகிய மே. ஏரித்தீவு ஒன்றில் மூதாட்டி ஒருவர் மரணப்படுக்கையில் இருந்தார். போலந்தில் பிறந்து, பின்லாந்து மீனவர் ஒருவரை மணந்து அங்கே வந்தவர். மருத்துவமனைக்குச் செல்ல மறுத்துவிட்டார். மகள் உடனிருந்தார். நற்கருணைச் சிமிழும் திருத்தைலமும் ஏந்தி நான் கரையை அடைந்தபோது, மகன் அங்கே காத்திருந்தார். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் வீடு கண்ணுக்குத் தெரிந்தது.

அவர் துளையிட்டு அளந்தார். 40 செ.மீ. "அப்படியானால் போகலாமே" என்றேன். அவர் மறுத்தார். பனித்துண்டு ஒன்றை வெட்டியெடுத்துக் காலால் தட்டினார். அது கட்டவிழ்ந்த மெழுகுதிரிகள்போல நீண்ட குச்சிகளாகச் சிதறியது. வசந்தகால வெயில், பனிப்படிகங்களுக்கு இடையேயுள்ள பிணைப்பை உருக்கிவிடுகிறது. தடிமன் இருக்கும், வலிமை இராது. பனி ஆளையும் தாங்காது, படகுக்கும் வழி விடாது. அந்த இடைக்காலத்தைக் 'கெலிரிக்கோ' என்கிறார்கள்.

எனக்குச் சினம் மூண்டது. ஆலயத்திற்கே வராத மனிதர். தாயின் ஆன்மாவைவிடத் தம் உயிரைப் பெரிதாக எண்ணுகிறார் என்று தீர்ப்பிட்டேன். "கடவுள் காப்பார்" என்றேன்.

"தந்தையே, உங்களை அழைத்துச்சென்று நீரில் இழந்துவிட்டால், அதை அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?" என்றார் அவர்.

தொலைபேசி வழியாகப் பாவமன்னிப்பு வழங்க இயலாது என்று குருமடத்தில் கற்றவன் நான். அருளடையாளத்தை நாடியும் பெற இயலாதவரின் உத்தம மனஸ்தாபத்தை இறைவன் ஏற்கிறார் என்றும் கற்றிருந்தேன். அன்று அதைப் பற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. மகள் தொலைபேசியைத் தாயின் காதருகே பிடித்தார். மூதாட்டி தம் தாய்மொழியில் மனஸ்தாப மந்திரம் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை; ஆமென் மட்டும் புரிந்தது. பின்னர் கரையில் நின்றே செபமாலை சொன்னேன். மகன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்.

அடுத்த நாள்களில் காலையும் மாலையும் அவர் பனியைச் சோதித்தார். மூன்றாம் நாள் இரவு அந்தத் தாய் இறைவனடி சேர்ந்தார். மறுநாள் பலத்த காற்று வீசிப் பனி உடைந்தது, படகில் சென்றோம். வழியில் அவர் அழுதுகொண்டே சொன்னார்: "போகாமலிருக்க நான் அளக்கவில்லை, தந்தையே. போவதற்காகத்தான் அளந்தேன்."

எருசலேம் ஆலய உச்சியிலிருந்து குதிக்க மறுத்த நம் ஆண்டவரைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறேன். கடவுள் காப்பார், குதி என்றவன் அங்கே அலகை. அந்த ஏரிக்கரையில் ஏறக்குறைய அதே சொற்களைச் சொன்னவன் நான். என் குருத்துவ ஆண்டுகளின் தடிமனை நம்பியிருந்தேன். உள்ளே பிணைப்பு தளர்ந்திருந்ததை அளந்து பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து விடைபெற்றபோது, அம்மகன் தம் கழுத்திலிருந்த ஆணிகளைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். ஒன்றும் பேசவில்லை.

தவமுயற்சிக் கருவியா என்று கேட்போரிடம், ஆம் என்றே நான் இப்போது சொல்கிறேன்.