பழைய கேமராவும் அரசு லேப்டாப்பும்

எள்ளு விதைப்பு பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன், அது அடுத்து வரும். நடுவுல வேற ஒரு வேலை வந்துருச்சு.

எங்க கொல்லைக்கும் பங்காளி கொல்லைக்கும் நடுவுல எங்கப்பா வச்ச பலா வரிசைதான் எல்லை. 2018 நவம்பர் 16 விடியக்காலையில வந்த கஜா புயல் அத்தனையையும் வேரோட சாய்ச்சிருச்சு. கீரமங்கலம், வடகாடு பக்கம் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். மரத்தை அறுத்து எடுத்து, குழியை மூடி, உழுது கடலை போட்டோம். இப்ப எல்லைக் கல்லையும் காணோம். பங்காளி மகன் போர் போடணும்னு நிலத்தை அளக்க மனு கொடுத்திருக்கார். நல்ல பையன்தான், சண்டையெல்லாம் இல்லை. ஆனா நாலு அடின்னாலும் நிலம் நிலம்தானே?

புயலுக்கு மறுநாள் நான் எடுத்த படங்கள் ஞாபகத்துக்கு வந்துச்சு. அப்ப வாரக்கணக்கா கரண்டு கிடையாது, போனெல்லாம் செத்துக் கிடந்துச்சு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுற பேட்டரி ரெண்டு போட்டா ஓடுற கேனான் பவர்ஷாட் ஏ480 ஒண்ணு வீட்டுல இருந்தது. தென்னை ஒண்ணுக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசாங்கம் அறிவிச்ச நேரம். கணக்கெடுக்க வர்றவங்களுக்குக் காட்டத்தான் அதுல எடுத்து வச்சேன்.

கார்டை உருவி ரீடர்ல போட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. கார்டோட ஓரம் ரெண்டாப் பிளந்து, உள்ள இறுகிப் போச்சு. இழுத்தா பாதிதான் கையில வரும். டவுன்ல ஒரு கடையில காட்டினேன். "இதுக்கெல்லாம் இப்ப டிரைவர் கிடையாதுங்க, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க"ன்னுட்டாங்க.

வீட்டுல இருக்கறது மகளுக்குப் பள்ளிக்கூடத்துல கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011ல ஆரம்பிச்ச திட்டம் அது. அதுல விண்டோஸும், சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்துச்சு. விண்டோஸ் எப்பவோ படுத்துருச்சு. திருச்சியில வேலை பாக்குற என் தங்கச்சி மகன் பொங்கலுக்கு வந்தப்ப லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். இந்தப் பதிவெல்லாம் அதுலதான் அடிக்கிறேன்.

பழைய எம்பி3 பிளேயரோட கேபிள், அந்தத் தடிச்ச மினி யுஎஸ்பி, கேமராவுக்குச் சரியாச் சேர்ந்துச்சு. திரையில கேமரா படம் வந்துச்சு, திறந்தா ஒண்ணுமில்லை. தங்கச்சி மகனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, பேட்டரி புதுசா?"

"டார்ச்ல கிடந்ததுதான் மாப்ள."

"அது தாங்காது மாமா. அல்கலைன்னு எழுதியிருக்கும், அதை வாங்கிப் போடுங்க."

மறுநாள் போட்டேன். இந்தக் கேமரா பென் டிரைவ் மாதிரி வேலை செய்யாதாம். பிடிபின்னு தனி பாஷையில பேசுமாம். அந்தப் பாஷை தெரிஞ்சது ஜிபோட்டோ2ங்கிற இலவச மென்பொருள். 2,500க்கு மேல கேமராக்களைத் தெரியும் அதுக்கு. கடைக்காரர் சொன்ன டிரைவரே தேவைப்படலை. டெர்மினல்ல அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன். கேமரா பேரைச் சரியாக் காட்டுச்சு. படத்தை இறக்குன்னா மட்டும் யுஎஸ்பியைப் பிடிக்க முடியலைன்னு பிழை.

காரணம் நம்ம முறைத் தண்ணி மாதிரிதான். கேபிளைச் சொருகினதுமே டெஸ்க்டாப் முந்திக்கிட்டு மடையைத் திறந்து வச்சிருக்கு. அது விட்டாத்தானே அடுத்தவனுக்குப் பாயும்? கேமரா படத்து மேல வலது கிளிக் பண்ணி அன்மவுன்ட் கொடுத்தோம், அப்பவும் விடலை. பின்னாடி ஓடிக்கிட்டிருந்த ஜிவிஎப்எஸ்ங்கிற வேலையை ஒரு கட்டளையில நிறுத்தினதும் மடமடன்னு இறங்க ஆரம்பிச்சுது. 214 படம்.

தேதியெல்லாம் கன்னாபின்னான்னு இருந்துச்சு. கேமராவோட கடிகாரம் எப்பவோ நின்னு முதல்லேர்ந்து ஓடியிருக்கு. ஒரு படத்தோட சரியான நாள் தெரிஞ்சா எக்சிப்டூல் வச்சு மொத்தத்தையும் நகர்த்திடலாம்னான். நகல் எடுத்து அதுல மட்டும் மாத்தச் சொன்னேன். சாட்சின்னு வச்சா மூலப்படத்துல கை வைக்கக் கூடாது.

127ஆவது படத்துல சாஞ்ச பலாவோட வேர் மேல அப்பா கை வச்சு நிக்கிறார். காலுக்குப் பக்கத்துல எல்லைக் கல். அப்பா போய் மூணு வருஷமாச்சு. இந்தப் படத்தை எடுத்தது எனக்கு நினைவே இல்லை.

பங்காளி மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தார். கல்லைப் பத்தி ஒண்ணும் பேசலை. "பெரியப்பா தலையில துண்டு கூட இல்லாம நிக்கிறாரு பாருங்கண்ணே"ன்னார். தனக்கும் ஒரு பிரதி வேணும்னு கேட்டார்.

வர்ற வியாழக்கிழமை சர்வேயர் வர்றார். படத்தை பென் டிரைவ்லயும் போட்டு வச்சாச்சு.