கரும்புத் தீவுகளும் ஒரு தோட்டத்துச் சாளையும்

‘உலக சினிமா’ என்ற சொல்லை நம் சிற்றிதழ்கள் வெகுகாலமாகப் புழங்கி வருகின்றன. அந்த உலகத்தில் எந்தெந்த நாடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் பிரான்சு, இத்தாலி, ஜப்பான், ஈரான், கொரியா என ஒரு கைவிரல்களுக்குள் அநேகமாக அடங்கிவிடும். கரீபியத் தீவுகள் அதில் வருவதில்லை. கிளைவ் லாயிடையும் விவியன் ரிச்சர்ட்ஸையும் பக்கத்து ஊர்க்காரர்களைப்போல் பேசித் தீர்க்கும் நம் தேநீர்க் கடைகளில் யூசான் பால்சி என்ற பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள். அத்தீவுகளின் மட்டையையும் பந்தையும் அறிந்த அளவுக்கு அவற்றின் முகங்களை நாம் அறிந்திருக்கவில்லை.

காரமடையில் இருப்பவர்களுக்குத் திரைப்பட விழா என்பது மேற்குத் திசையில் இருக்கிறது. சென்னையில் 2003 முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா நடந்துவருகிறது என்றாலும், எங்களுக்கு வாளையாற்றைத் தாண்டுவதே எளிது. கேரளத்தின் பன்னாட்டு விழா தன் போட்டிப் பிரிவை ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. இந்த ஒரு விதிக்காகவே அவ்விழாவின்மீது எங்களுக்குத் தனி மதிப்பு. காலனியத்தின் கீழ் இருந்த மூன்று கண்டங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள அது ஒரு திண்ணையைக் கட்டித் தந்திருக்கிறது.

பெருந்தொற்றுக் காலமாகையால் அவ்விழாவின் 25ஆம் ஆண்டு நிகழ்வு 2021இல் நான்கு ஊர்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டது. திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி ஆகியவற்றுக்குப் பின், மார்ச் 1 முதல் 5 வரை பாலக்காட்டுக்கு வந்தது. நாங்கள் நால்வர் சென்றோம். இருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்போர்; ஒருவர் வங்கி எழுத்தர்; மற்றவர் பண்ணையம் பார்ப்பவர். முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்கியபடி, இருக்கை விட்டு இருக்கை அமர்ந்து படங்களைப் பார்த்தோம். அவ்வாண்டு சுவர்ண சகோரம் பெற்ற படம் லெசோதோ நாட்டிலிருந்து வந்திருந்தது: லெமொஹாங் ஜெரமையா மொசெசே இயக்கிய ‘இது அடக்கமன்று, உயிர்த்தெழுதல்’ என்று பொருள்படும் தலைப்புடைய படம். அணை கட்டினால் தன் முன்னோரின் இடுகாடு நீரில் மூழ்கும் என்பதால் எதிர்த்து நிற்கும் எண்பது வயது மூதாட்டி மன்தோவாவின் கதை. 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணைக்குள் டணாய்க்கன் கோட்டை மூழ்கியதும், நீர் வற்றும் ஆண்டுகளில் அங்கிருந்த கோயில் வெளியே தலைகாட்டுவதும் எங்கள் பக்கத்துக் கதைகள். படம் முடிந்து வெளியே வந்தபோது பண்ணையக்கார நண்பர், “இதை எங்க தோட்டத்துச் சனங்களுக்குக் காட்டோணும்” என்றார்.

அந்தப் பேச்சு வளர்ந்து, மறு ஆண்டு மாசித் தேர் முடிந்த பின், கோடையில் நான்கு சனிக்கிழமை இரவுகளாக நிறைவேறியது. இடம் நண்பரின் தோட்டத்துச் சாளை. திரை ஒரு வெள்ளை வேட்டி. எந்த நாட்டுப் படங்கள் என்ற கேள்விக்கு ‘கரும்பு’ என்று பதில் வந்தது. காரமடையைச் சுற்றி இன்று வாழையும் கறிவேப்பிலையுமே மிகுதி. ஆனால் தோட்டத்து வேலைக்கு வரும் மூத்த பெண்களில் பலர் தம் இளமையில் சத்தியமங்கலம், கோபிப் பக்கம் கரும்பு வெட்டியவர்கள். அவர்கள் கைகளில் சோகை கிழித்த கோடுகள் இன்னும் இருக்கின்றன. கரும்பைப் பற்றிய படமென்றால் கரீபியம்தான் என்று முடிவாயிற்று.

அத்தீவுகளின் திரைத்துறை எண்ணிக்கையில் சிறியது. கியூபா ஒன்றுதான் விலக்கு. புரட்சி வென்ற சில மாதங்களிலேயே, 1959 மார்ச்சில், அங்கே அரசின் திரைப்பட நிறுவனம் தொடங்கப்பட்டது. யமைக்கா தன் முதல் முழுநீளக் கதைப்படத்தைப் பெர்ரி ஹென்செல் வழியாக 1972இல்தான் கண்டது. டிரினிடாட்டில் இந்திய வம்சாவளி இளைஞன் ஒருவனை நடுவில் வைத்த ‘பிம்’ 1974இல் வந்தது. தம் முகத்தைத் தம் திரையில் காண அம்மக்கள் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

மொழிக்கு ஒரு வழி காண வேண்டியிருந்தது. பேசுவது கிரியோலும் ஸ்பானியமும். கீழே ஓடுவது ஆங்கிலம். பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எனவே திரைக்குப் பக்கத்தில் நின்று வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தோம். இது புதிய உத்தியன்று. திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றினார். பின்னர் 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டினார். அந்த மௌனப் படக் காலத்தில் கதை சொல்வதற்கென்றே திரையருகே ஓர் ஆள் நிற்பதுண்டு. நூறாண்டு கழித்து அந்த வேலை எங்களுக்கு வாய்த்தது.

முதல் இரவில் யூசான் பால்சியின் ‘ரூ காஸ் நேக்ர்’ (1983). ஆங்கிலத்தில் ‘சுகர் கேன் ஆலி’ என்று அறியப்படுவது. மார்த்தினிக் தீவில் பிறந்த பால்சி தம் இருபதுகளின் நடுவில், ஜோசப் சொபெல் 1950இல் வெளியிட்ட நாவலிலிருந்து இப்படத்தை எடுத்தார். வெனிஸ் விழாவில் முதற்படத்துக்கான வெள்ளிச் சிங்கமும், பாட்டியாக நடித்த தார்லிங் லெஜிதிமுஸுக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தன.

கதை 1930களின் தொடக்கத்தில் நிகழ்கிறது. அடிமை முறை 1848இலேயே ஒழிந்துவிட்டது. ஆனால் கரும்புக் காடு அதே துரையிடம், குடிசை வரிசை அதே இடத்தில். தாய் தந்தையற்ற ஜோசேயைப் பாட்டி மா தீன் வளர்க்கிறாள். மற்றக் குழந்தைகள் காட்டு வேலைக்குப் போகிறார்கள். இவனை மட்டும் அவள் கரும்புக்குள் விடுவதில்லை. படிப்பு ஒன்றுதான் வெளியேறும் வாசல் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மெதூஸ் என்ற கிழவர் இரவு நெருப்பருகே ஜோசேக்கு விடுகதை போடுகிறார், ஆப்பிரிக்காவைச் சொல்லித் தருகிறார். ஓரிரவு அவர் வீடு திரும்பவில்லை. தீவட்டிகளோடு தேடிச் சென்றவர்கள் அவரைக் கரும்புக்குள் பிணமாகக் காண்கிறார்கள். பின்னாளில் நகரத்துப் பள்ளியில் ஜோசே தன் வாழ்விலிருந்து ஒரு கட்டுரை எழுதுகிறான். ஆசிரியர், இதை எங்கோ பார்த்து எழுதியிருக்கிறாய் என்கிறார். கூலிக்காரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்வளவு நல்ல நடை எங்கிருந்து வரும் என்பது அவர் சந்தேகம். பிறகு தம் சொல்லைத் திரும்பப் பெறுகிறார்.

கூலி கொடுக்கும் காட்சியில் சாளையில் சலசலப்பு எழுந்தது. கணக்கர் பெயர் பெயராகக் கூப்பிட, பிடித்தம் போக மிஞ்சியதைப் பெற்றுக்கொண்டு ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். அந்த இடத்தில் மொழிபெயர்க்க எங்களுக்கு வேலையிருக்கவில்லை. “பிடிச்சுட்டானா!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இறுதியில் இறந்துகிடக்கும் பாட்டியின் கால்களை ஜோசே கழுவுகிறான். வெடிப்போடிய அந்தப் பாதங்கள் திரையில் தங்கிய சில நொடிகள் எவரும் பேசவில்லை.

அடுத்த வாரம் கியூபாவின் தோமாஸ் குத்தியேரஸ் அலேயா 1976இல் எடுத்த ‘கடைசி இரவுணவு’. இதிலும் கால் கழுவும் காட்சி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி. ஹவானாவை அடுத்த சர்க்கரைப் பண்ணை. பக்திமானான பிரபு, இயேசுவைப் பின்பற்றுவதாக எண்ணிப் புனித வியாழனன்று பன்னிரண்டு அடிமைகளின் கால்களைக் கழுவி, தம் மேசையில் அமர்த்தி விருந்து வைக்கிறார். மதுவும் பேச்சும் ஓடுகின்றன. மறுநாள் வெள்ளிக்கிழமை வேலை இல்லை என்று வாக்களிக்கிறார். விடிந்ததும் கங்காணி வந்து வேலைக்கு விரட்டுகிறான். அடிமைகள் எழுகிறார்கள். முந்தைய இரவு கால் கழுவிய அதே பிரபு அவர்களை வெட்டிப்போட ஆணையிடுகிறார். பன்னிருவரில் ஒருவன் மட்டும் தப்பி ஓடுகிறான்.

விருந்துக் காட்சி ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீள்கிறது. திரைக்கு அருகில் நின்றிருந்ததால், திரையையும் பார்ப்பவர்களையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்கு வாய்த்தது. முன்னால் நாற்காலிகள்; அவற்றில் நண்பரின் உறவினர்கள், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள், நாங்கள் அழைத்துவந்த ஆசிரியர்கள். பின்னால் தரையில் வேலைக்கு வருபவர்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே அமையும் அளவுக்கு அது பழையது.

படம் முடிந்து முறுக்கும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கரும்பு வெட்டிய கைகளையுடைய மூதாட்டி ஒருவர் கேட்டார்: “ஏனுங் வாத்தியாரே, ஒரு நா ராத்திரி கூட உக்காத்தி வெச்சுச் சோறு போட்டா எல்லாம் சரியாப் போயிருமுங்களா?” அவர் படத்தைப் பற்றித்தான் கேட்டார். கேள்வி திரையோடு நிற்கவில்லை என்பது நண்பரின் முகத்தில் தெரிந்தது. மூன்றாம் வாரம் நாற்காலிகள் வெளியே வரவில்லை. சாளை முழுக்கப் பவானி ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். உறவினர்களில் சிலர் அன்று வரவில்லை. கூலி ஏறியது என்றோ, ஊர் மாறியது என்றோ நாங்கள் எழுத வரவில்லை. அப்படி எழுதினால் அந்தப் பிரபுவின் விருந்தைப் போலாகிவிடும். இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமலிருந்த ஒரு வரிசை, ஒரு படத்தால் கண்ணில் பட்டது. ஒரு திரையிடலால் ஆகக்கூடியது அவ்வளவுதான். அது சிறிதன்று என்பது எங்கள் எண்ணம்.

இந்தப் படங்களில் நடுவில் இருப்பவர்கள் ஆப்பிரிக்க வழியினர். ஆனால் அதே கரும்புக் காட்டில் நம்மவர்களும் நின்றார்கள். அடிமை முறை ஒழிந்தபின் ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். முதற்கப்பல் மார்த்தினிக்கை 1853இலும், குவாதலூப்பை 1854இலும் அடைந்தது. 1880களின் இறுதிவரை குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதி தமிழர். மொழி மறைந்துவிட்டது. மாரியம்மன் ‘மலியெமென்’ ஆகவும், மதுரைவீரன் ‘மல்தெவிலென்’ ஆகவும் அங்கே இன்றும் வழிபாடு பெறுகிறார்கள். அவ்வழி வந்தோருக்குக் குடியுரிமை வேண்டி 1904இல் வழக்காடத் தொடங்கி 1923இல் வென்றவரின் பெயர் ஆன்ரி சிதம்பரம்.

கோவைக்கும் கரும்புக்கும் வேறோர் உறவு உண்டு. இங்கே 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கடராமனும் ‘வெள்ளை’ என்ற கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து உருவாக்கிய கோ 205, 1918இல் வயலுக்கு வந்தது. கோவையின் பெயரைச் சுமந்த கரும்புகள் அதன்பின் கடல் கடந்து லூசியானா வரை சென்றன. கரணையின் வம்சாவளியை எண் போட்டு வைத்திருக்கிறோம். அதை வெட்டியவர்களின் வம்சாவளிக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. புறநானூற்றின் 99ஆம் பாடலில் அவ்வையார், கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று அதியமானின் முன்னோரைப் புகழ்கிறார். கொண்டுவந்தவர்க்குப் பாட்டு கிடைத்தது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாரதி பாடினார். தேயிலைக் காட்டைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதினார், திரையில் அதற்குப் ‘பரதேசி’ (2013) உண்டு. கரீபியக் கரும்புக்குப் போனவர்கள் நம் இலக்கியத்திலும் திரையிலும் இன்னும் கரையேறவில்லை.

படங்களைப் பார்த்த எங்கள் மாணவி ஒருத்தி, தன் அம்மிச்சியைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவந்தாள். கேள்வி கேட்ட மூதாட்டிதான் அவள் அம்மிச்சி. மறுதாம்பு, கொழுந்தாடை, கொப்பரை, சோகை என்று அதில் வந்த சொற்களின் அருகே, வெட்டும்போது கத்தியை எப்படிச் சாய்க்க வேண்டும், கட்டுக்கு எவ்வளவு கூலி, எந்த ஊர்க் காட்டில் பிள்ளைக்கு மரத்தில் தொட்டில் கட்டினார்கள் என்பதெல்லாம் இருந்தன. எங்கே பார்த்து எழுதினாய் என்று அவளிடம் எவரும் கேட்கவில்லை. பார்த்து எழுதுவதற்கு அப்படி ஒரு நூல் இல்லை. அந்த நான்கு பக்கத்தை நாற்பதாக்கும்படி சொல்லியிருக்கிறோம், எழுதிக்கொண்டிருக்கிறாள்.

பால்சிக்கு 2022இல் ஆஸ்கர் அகாதமி கௌரவ விருது வழங்கியது. செய்தியைத் தோட்டத்தில் சொன்னோம். பரிசு எவ்வளவு பணம் என்று கேட்டார்கள், சிலைதான் என்றோம். மூதாட்டி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. “அந்தக் கரும்புக்காரப் பாட்டி படத்தை இன்னொருக்காப் போடுங்” என்றார்.